தொடக்க உதையும் திரும்பும் ஓட்டமும்



சென்ற விடுமுறையில் என் தமக்கையின் மகன் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தான். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயில்பவன். ஒருநாள் இரவு உணவு முடிந்தபின், கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அந்நாட்டுக் கல்லூரிகள் ஆடும் கால்பந்தாட்டம் ஒன்றைத் தன் கைப்பேசியில் எங்களுக்குக் காட்டினான். என் தமையனார் இளமையில் சித்தூர் வட்டாரத்தில் பேர்பெற்ற சடுகுடு ஆட்டக்காரர். இப்போது முழங்கால் வலியோடு வாழ்கிறவர். அவரும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எங்கள் அருகில் வந்து அமர்ந்தார்.

ஒருவன் பந்தை ஓங்கி உதைத்தான். பந்து வானத்தில் ஏறி, நெடுந்தொலைவு கடந்து, மறுகோடியில் தனியே நின்ற ஓர் இளைஞனை நோக்கி இறங்கியது. அவன் ஒரு கையைத் தலைக்குமேல் தூக்கி அசைத்தான்; பந்தைப் பிடித்தான்; பிடித்த இடத்திலேயே நின்றுவிட்டான். நடுவர் ஊதினார். கூட்டத்தில் ஒரு பகுதி கைதட்டியது.

தமையனாருக்குப் பொறுக்கவில்லை. "பந்து கைக்கு வந்தபிறகு ஓடாமல் நிற்கிறானே! மூச்சு இருக்கும்போதே பாட்டை விட்டவன் போல. இவனுக்கு எதற்குக் கைதட்டு?" என்றார்.

"மாமா, அவன் நின்றதால் அவன் கட்சிக்கு 25 கெஜம் கிடைத்துவிட்டது."

"சும்மா நின்றதற்கா?"

"ஆமாம் மாமா, சும்மா நின்றதற்குத்தான்."

சும்மா நிற்பதற்குக் கூலி கொடுக்கும் இந்த விதி எப்படி வந்தது என்பதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அதன் பின்னே நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதில் உயிர்களும் அடங்கும்.

முதலில் ஆட்டத்தைச் சற்று விளங்கிக்கொள்வோம். மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலும் பாலக்காட்டு வயல்களிலும் நாம் ஆடும் கால்பந்து வேறு. அமெரிக்கக் கல்லூரிகள் ஆடுவது வேறு. அதன் பெயரில்தான் கால் இருக்கிறது. ஆட்டத்தில் பெரும்பகுதி கைவேலையே. ஆடுகளம் 100 கெஜ நீளம். கட்சிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் கட்சிக்கு நான்கு முயற்சிகள் உண்டு; அந்த நான்கில் 10 கெஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிட்டும். எதிரியின் எல்லைக் கோட்டைப் பந்தோடு கடந்தால் 6 புள்ளிகள். ஆகவே ஒரு கட்சி தன் முயற்சியை எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்பதே பாதி வெற்றி. தன் எல்லையை ஒட்டித் தொடங்குபவன் மலையடிவாரத்திலிருந்து ஏறவேண்டும். நடுக்களத்தில் தொடங்குபவன் பாதி மலையில் நிற்கிறான்.

நம் ஆட்டத்தில் தொடக்க உதை என்பது வெறும் சம்பிரதாயம். நடுவட்டத்தில் பந்தை வைத்து மெல்லத் தட்டி நம்மவருக்கே கொடுக்கிறோம். 2016 முதல் பின்பக்கமாகத் தட்டவும் விதி இடம் தருகிறது. அவர்கள் ஆட்டத்திலோ தொடக்க உதை என்பது பந்தை எதிரிக்குத் தாரை வார்த்துவிட்டு, அவன்மேல் பாய்ந்து விழுவது. உதைக்கும் கட்சியின் பத்துப் பேர் முழுவேகத்தில் ஓடி வருகிறார்கள். பிடிப்பவனுக்குக் காவலாகப் பத்துப் பேர் அவர்களை எதிர்கொள்கிறார்கள். நாற்பது, ஐம்பது கெஜம் ஓடிச் சேர்த்த வேகத்தோடு மனிதரும் மனிதரும் மோதுகிறார்கள். சாதாரண ஆட்டத்தில் இரு கட்சியினரும் அருகருகே நின்று தள்ளிக்கொள்வதால் இவ்வளவு வேகம் சேர்வதில்லை. தொடக்க உதையின் அபாயம் முழுவதும் இந்த ஓட்டத் தொலைவில்தான் இருக்கிறது.

இந்த அபாயத்தை முதன்முதலில் ஆயுதமாக்கியவர் ஆட்டக்காரரே அல்லர். லோரின் டிலாண்ட் என்னும் அவர் பாஸ்டன் நகரத்தவர், சதுரங்கப் பிரியர், நெப்போலியனின் போர்முறைகளைப் படித்து மகிழ்ந்தவர். 1892 நவம்பர் 19 அன்று ஹார்வர்டு, யேல் பல்கலைக்கழகங்கள் மோதிய ஆட்டத்தில், இரண்டாம் பாதித் தொடக்கத்தில், ஹார்வர்டு கட்சியினர் அவர் கற்பித்த வியூகத்தை வகுத்தனர். அந்நாளைய விதிப்படி, உதைப்பவன் பந்தைக் காலால் தொட்டால் போதும். உடனே கையில் எடுத்துத் தன் கட்சிக்காரனிடமே தரலாம். ஆகவே ஹார்வர்டு வீரர்கள் இரு அணிகளாகப் பின்னாலிருந்து ஓடிவந்து, ஆப்பு வடிவில் ஒன்றாகக் குவிந்து, பந்துள்ளவனை நடுவில் வைத்துக்கொண்டு எதிரியின் ஒரே புள்ளியில் மோதினார்கள். கூட்டம் திகைத்தது. ஆயினும் அன்று வென்றது யேல்தான், 6-0 என்ற கணக்கில். இதைக் கேட்டதும் என் தமையனார் மிகவும் மகிழ்ந்தார்.

தோற்றாலும் அந்த வியூகம் பரவிற்று. அடுத்த ஆண்டே நாடெங்கும் கல்லூரிகள் அதைக் கையாண்டன. பலர் எலும்பு முறிந்தார்கள். 1894இல் விதியைத் திருத்தி, உதைத்த பந்து குறைந்தது 10 கெஜம் சென்றாக வேண்டும் என்றார்கள். அதனால் ஆப்பு வியூகத்தின் வேர் அறுந்தது. பந்து எதிரியிடம் போயிற்று. ஆனால் போர் ஒழியவில்லை, திசைதான் மாறிற்று. அதுவரை பந்தை உதைத்தவன் மோதினான். இனி அதைப் பிடித்தவன் திரும்பி ஓடி மோதவேண்டியதாயிற்று. இன்றைய திரும்போட்டம் அங்கே பிறந்தது.

அபிமன்யுவின் கதை நமக்குத் தெரியும். வியூகத்துக்குள் நுழையும் வழி அறிந்தவன். மீளும் வழி அறியாதவன். இந்தத் திரும்போட்டக்காரனும் அவ்வகைதான். மறுகோடியில் பந்தைப் பிடித்து, பதினொருவர் வியூகத்துக்குள் தானே புகுகிறான்.

1905ஆம் ஆண்டில் மட்டும் இவ்வாட்டத்தில் 18 பேர் மாண்டதாக அக்காலப் பத்திரிகைகள் கணக்கிட்டன. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அந்த அக்டோபரில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்டத் தலைவர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906இல் விதிகள் பெரிதும் மாறின. இன்று கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசியச் சங்கமும் அவ்வாண்டில்தான் வேறு பெயரில் தோன்றியது. எனினும் தொடக்க உதையை எவரும் தொடவில்லை. அதில் அவ்வளவு அழகு இருந்தது.

அந்த அழகுக்கு ஒரு சான்று சொல்லிவிடுகிறேன். 1982 நவம்பர் 20, கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகமும் ஸ்டான்போர்டும் ஆடின. ஸ்டான்போர்டு 20-19 என முன்னிலை; மீதி இருந்தது 4 வினாடி. ஒரு தொடக்க உதை மட்டுமே பாக்கி. ஸ்டான்போர்டு பந்தைத் தரையோடு உருட்டி உதைத்தது. பெர்க்லி வீரர்கள் பிடிபடும் தறுவாயில் ஒருவர் பின் ஒருவராக ஐந்து முறை பந்தைப் பின்னால் வீசிக் கைமாற்றினார்கள். ஆட்டம் முடிந்ததென்று கருதி ஸ்டான்போர்டின் வாத்தியக் குழு களத்துக்குள்ளேயே வந்துவிட்டது! கெவின் மோவன் என்பவர் கொம்பும் குழலுமாய் நின்ற அந்தக் கூட்டத்தின் நடுவே புகுந்து எல்லையைக் கடந்து, ஒரு டிராம்போன்காரரின் மேல் போய் விழுந்தார். 25-20, பெர்க்லி வென்றது. நம் ஊர்த் திருவிழாவில் நடந்திருந்தால் இன்றும் தெருக்கூத்தில் பாடிக்கொண்டிருப்போம். இத்தகைய ஓட்டத்தை ஒழித்துவிட எந்த ரசிகனுக்கு மனம் வரும்?

அடுத்த நிகழ்ச்சிக்கு வாத்தியம் கிடையாது. 2010 அக்டோபர் 16. ரட்கர்ஸ் பல்கலைக்கழகமும் அமெரிக்க இராணுவக் கல்லூரியும் ஆடிய ஆட்டம். ரட்கர்ஸ் தொடக்க உதை உதைத்தது. இருபது வயதான எரிக் லெக்ராண்ட் என்ற வீரர், பந்தோடு ஓடிவந்தவனைத் தடுக்கத் தலைசாய்த்துப் பாய்ந்தார். கழுத்தெலும்பு முறிந்து, தண்டுவடம் சேதமுற்று, கழுத்துக்குக் கீழே அசைவற்றுப் போனார். அடிபட்டது ஓடியவன் அன்று, தடுக்க வந்தவன் என்பதைக் கவனிக்கவேண்டும். திரும்போட்டத்தின் அபாயம் இரு பக்கத்துக்கும் பொது. மறு ஆண்டு பனி பொழிந்த ஒரு நாளில் சக்கர நாற்காலியில் அமர்ந்து தன் அணிக்கு முன்னே அவர் களத்துக்கு வந்தார். 2013இல் அவர் அணிந்த 52ஆம் எண்ணை இனி எவருக்கும் தருவதில்லை என்று அப்பல்கலைக்கழகம் நிறுத்தியது. அவருடைய பயிற்சியாளர் கிரெக் ஷியானோ தொடக்க உதையையே நீக்கி, பந்தை மாற்றிக்கொள்ள வேறு முறை காணவேண்டும் என்று யோசனை கூறினார்.

நீக்கவில்லை. நீக்காமல் என்ன செய்தார்கள் என்பதில்தான் எனக்கு வியப்பு.

"ஓடாதே" என்று எவரும் உத்தரவிடவில்லை. இருபது வயது இளைஞனிடம், ஐம்பதாயிரம் பேர் பார்த்திருக்கையில், ஓடாதே என்றால் கேட்பானா? ஆகவே அவனுக்கல்ல, கணக்குக்கு உத்தரவிட்டார்கள். உதைத்த பந்து எல்லைக் கோட்டைத் தாண்டி விழுந்து, பிடித்தவன் அங்கேயே முழங்காலிட்டுவிட்டால், அவன் கட்சி முன்பு 20ஆம் கெஜத்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்கும். இதை டச்பேக் என்பார்கள். 2012இல் அதை 25 ஆக்கினார்கள். உதைக்கும் இடத்தையும் 30ஆம் கெஜத்திலிருந்து 35க்கு முன்னால் நகர்த்தினார்கள். பந்து எல்லையைத் தாண்டுவது எளிதாயிற்று. பாய வருபவர்கள் பந்துக்குப் பின்னால் 5 கெஜத்துக்குமேல் விலகி நின்று ஓட்டமெடுத்து வரக்கூடாது என்றும் கட்டினார்கள்.

இப்போது பிடிப்பவன் கணக்குப் போடுகிறான். எல்லைக்கு 2 கெஜம் உள்ளே பந்தைப் பிடித்தால், முழங்காலிட்டாலே 25 கிட்டும். ஓடினால், 27 கெஜம் ஓடினால்தான் அதே இடம். அதற்குமேல் ஓடுவதே லாபம். 15 கெஜத்தில் விழுத்தப்பட்டால் நட்டம். பந்து கை தவறினால் பெருநட்டம். ஆகவே நிற்கிறான்.

ஆனால் சதுரங்கத்தில் எதிரிக்கும் மூளை உண்டல்லவா? எதிரிக்குச் சும்மா 25 கொடுக்க உதைப்பவனுக்கு மனமில்லை. அவன் தொலைவைக் குறைத்து உயரத்தைக் கூட்டினான். பந்து நான்கு வினாடி அந்தரத்தில் நின்று, எல்லையைத் தாண்டாமல், 3ஆம், 4ஆம் கெஜத்தில், அதுவும் களத்தின் மூலையில் இறங்கும்படி உதைத்தான். பிடிப்பவன் ஓடியே தீரவேண்டும். ஒரு பக்கம் கோடே காவல். அதற்குள் தன்னவர்கள் வந்து சூழ்ந்துவிடுவார்கள். விதி மோதலைக் குறைக்க நினைத்தது. தந்திரம் மோதலைத் திரும்ப அழைத்து வந்தது.

இதற்கு மாற்றாகத்தான் 2018இல், என் தமையனாரைச் சினங்கொள்ளச் செய்த அந்தக் கைதூக்கும் விதி வந்தது. 25ஆம் கெஜத்துக்குள் எங்கே பிடித்தாலும், முன்னதாகக் கையைத் தூக்கி அசைத்துவிட்டால், பந்து 25ஆம் கெஜத்தில் வைக்கப்படும். மூலைத் தந்திரத்தின் பல் பிடுங்கப்பட்டது.

இதனினும் நுட்பமானது ஐவி லீக் என்னும் எட்டுப் பழம்பெரும் பல்கலைக்கழகங்கள் செய்தது. அவர்களுடைய ஆட்டங்களில் தொடக்க உதைகள் மொத்தத்தில் நூற்றுக்கு 6தான். ஆனால் 2015ஆம் ஆண்டில் மூளை அதிர்ச்சிக் காயங்களில் நூற்றுக்கு 21 அவற்றிலேயே நேர்ந்தன. 2016இல் அவர்கள் உதைக்கும் இடத்தை 40ஆம் கெஜத்துக்கு முன்னேற்றினார்கள். அதோடு டச்பேக்கை 25லிருந்து 20க்குக் குறைத்தார்கள். குறைத்தால் பிடிப்பவன் ஓடத் துணிவானே என்று கேட்பீர்கள். இங்கேதான் சூட்சுமம். பந்து எல்லையைத் தாண்டி வெகுதொலைவு போய்விட்டால் ஓடுவது பற்றிப் பேச்சேயில்லை. ஆகவே ஆசை காட்டவேண்டியது உதைப்பவனுக்கு. எதிரிக்கு 20தான் போகிறதென்றால் அவன் மூலைத் தந்திரம் தேடமாட்டான். மனநிறைவோடு முழுப்பலத்தையும் கூட்டி உதைப்பான். உதைப்பவனுக்கும் பிடிப்பவனுக்கும் ஒருங்கே அமைதியை லாபமாக்கினார்கள். விளைவை 2018இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது: ஆயிரம் தொடக்க உதைகளுக்கு ஏறத்தாழ 11 ஆக இருந்த மூளை அதிர்ச்சிகள் 2 ஆகக் குறைந்திருந்தன. எந்த வீரனுடைய தைரியமும் இதில் குறைந்துவிடவில்லை.

இதையெல்லாம் மருமகன் விளக்கி முடித்தபோது, தமையனார் சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "எங்கள் ஆட்டத்தில் விதி நேர்மாறாக அல்லவா போயிற்று?" என்றார்.

உண்மைதான். சடுகுடுவிலும் உள்ளே போய் மீள்வதே ஆட்டம். ஒருவன் எழுவரிடையே போய், மூச்சடக்கிப் பாடி, தொட்டுத் திரும்பவேண்டும். அங்கே பயந்தவன் நடுக்கோட்டருகே நின்று பாடிவிட்டு வந்துவிடலாம் என்றால் ஆட்டமே செத்துவிடும். ஆகவே ஆடவர் களத்தில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ஒரு கோடு போட்டு, ஒருவரையும் தொடாதவன் அதையாவது கடந்துவிட்டுத்தான் மீளவேண்டும் என்றார்கள். 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக்கில் இன்னும் ஒருபடி மேலே போய், ஒரு கட்சி இருமுறை வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாம் முறை போகிறவன் புள்ளி எடுத்தாகவேண்டும், இல்லையேல் அவன் அவுட் என்றார்கள். நின்றவனுக்கு அங்கே கூலியில்லை, தண்டனை. பத்து மீட்டர் அகலக் களத்தில், ஐம்பது கெஜ ஓட்டத்தின் வேகம் சேராத இடத்தில், அது பொருந்தும். அமெரிக்கர் நிற்பவனுக்குக் கொடுக்கிறார்கள். நாம் நிற்பவனிடம் பறிக்கிறோம். இரண்டிலும் ஆட்டக்காரன் விதியின் கூலியைப் பார்த்தே நடக்கிறான்.

கூலி என்றதும் எனக்கு வேறொரு நினைவு வந்தது.

நம் பக்கத்தில் அறுவடை முடிந்த வயல்களில் ஏழுபேர் கால்பந்து நடப்பது எல்லாருக்கும் தெரியும். செவன்ஸ் என்றால் குழந்தையும் அறியும். கணவாய் வழியே கீழ்க்காற்று வீசும் மாதங்கள் அவை. காற்றை முதுகில் வாங்கி ஆடும் கட்சியின் பந்து ஒரே உதையில் மறுகோடிக்குப் போகும். எதிர்த்து ஆடுபவனின் பந்து எழும்பி, நின்று, தயங்கி, எங்கே இறங்குமென்று சொல்லமுடியாமல் இறங்கும். நம் ஆட்டத்தில் திரும்போட்டம் கிடையாது. ஆனால் அப்படி இறங்கும் உயரப் பந்துக்கு இரண்டு தலைகள் ஒரே நேரத்தில் எழும்பும் கணம் உண்டு. நமது அபாயம் அங்கே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய ஒரு போட்டிக்குத் தேவிகுளம் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி இளைஞன் ஒருவனைக் கூலிக்கு அழைத்து வந்திருந்தார்கள். 1940களிலிருந்து பின்லே கேடயத்துக்காக மூணாற்றுத் தோட்டங்கள் ஆடிவருவதால் மலையில் நல்ல கால்கள் உண்டு என்பது சமவெளிக்குத் தெரியும். உயரப் பந்து ஒன்றில் அவன் தலையும் எதிராளி தலையும் மோதின. விழுந்தான். முகத்தில் சோடா தெளித்தார்கள், எழுந்தான், ஆடினான். சிறிது நேரங்கழித்து, "அண்ணே, நாம் எந்தப் பக்கம் அடிக்கணும்?" என்று என் தமையனாரைக் கேட்டான். கோட்டருகே இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிரவு முழுதும் அவன் வாந்தி எடுத்தான். மலைக்குத் திரும்பிய பின் பல வாரம் கொழுந்துக் காட்டுக்குப் போகமுடியவில்லை என்று பிறகு அறிந்தோம். அவன் ஏன் வெளியே வரவில்லை? வந்திருந்தால் பாதி ஆட்டத்துக்குப் பாதிப் பணம். அது அவனுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும்.

உலகக் கால்பந்தின் விதிகளை வகுக்கும் வாரியம் 2024இல் ஓர் ஏற்பாட்டை விதியிலேயே சேர்த்திருக்கிறது. தலையில் அடிபட்டவனுக்குப் பதிலாக ஓர் ஆளை இறக்கலாம். வழக்கமான மாற்று ஆட்டக்காரர் கணக்கில் அது சேராது. வெளியே போனவன் அந்த ஆட்டத்துக்குத் திரும்பக்கூடாது. எதிர்க்கட்சிக்கும் ஒரு மாற்று கூடுதலாகக் கிடைக்கும். ஆகவே எவருக்கும் மனக்குறை இல்லை. விரும்பும் போட்டிகள் இதை ஏற்றுக்கொள்ளலாம். பெரிய அரங்கும் பெரும் பொருளும் வேண்டிய ஏற்பாடு அன்று. ஒரு வயல்வெளிக் குழுவும் செய்யக்கூடியது.

மருமகன் ஊருக்குப் புறப்பட்ட மறுநாள், தமையனார் கைத்தடியை எடுத்துக்கொண்டு போட்டிக் குழுவின் கூட்டத்துக்குப் போனார். இரண்டு கோரிக்கைகளைச் சொன்னாராம். தலையில் அடிபட்டு வெளியே வந்தவனுக்கு முழு ஆட்டத்தின் பணமும் அன்றே தரவேண்டும். அவனுக்குப் பதிலாள் கணக்கில் சேரக்கூடாது. முதலாவதைப் பேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவதற்கு, பொய்யாகத் தலையைப் பிடித்துக்கொண்டு விழுவார்களே என்று ஒருவர் தடைசொல்ல, விளக்கை அணைக்கும்வரை வாதம் நடந்திருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள். தமையனார் அதற்கும் போவதாகச் சொல்லியிருக்கிறார்.